பாக் விரிகுடாவில் தேறட்டும் உங்கள் அடுத்த செயற்கைக்கோள்

பெறுநர்: அடுத்த தலைமுறைக் கடல் கண்காணிப்புச் செயற்கைக்கோள்களுக்குத் திட்டம் போட்டுக்கொண்டிருக்கும் இந்திய விண்வெளி, கடலியல் விஞ்ஞானிகள்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா, வணக்கம்.

பாம்பனிலிருந்து எழுதுகிறேன். இந்தத் தீவிலிருந்து விண்வெளித் துறைக்குக் கடிதம் போடுகிறவர்கள் அப்துல் கலாமில் தொடங்குவது வழக்கம். அப்படிப்பட்ட கடிதங்கள் உங்களிடம் கட்டுக்கட்டாக இருக்கும் என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் அடுத்து அனுப்பப் போகும் கடல் செயற்கைக்கோள் ஆழ்கடலை நன்றாகப் பார்த்தால் போதும் என்று விட்டுவிடாதீர்கள். ஆழம் குறைந்த, கலங்கிய, கரையை ஒட்டிய கடலில் அது தேறுமா என்று பார்த்துத்தான் கருவிகளை முடிவு செய்ய வேண்டும். அந்தப் பரீட்சைக்கு எங்கள் பாக் விரிகுடாவைவிடத் தோதான இடம் கிடையாது.

என்னைப் பற்றி இரண்டு வரி. அப்பா நாட்டுப்படகுக்காரர். நான் இயற்பியல் படித்துவிட்டு ஊரில் மீனவர் சங்கம் ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். அதோடு ஒட்டிக்கொண்டு வந்த வேலை, மீன் இறங்குதளத்தில் இருக்கும் கரும்பலகையில் அன்றைய கடல் தகவலை எழுதிப் போடுவது. காற்று எந்தத் திசை, என்ன வேகம், அலை எவ்வளவு உயரம், மீன் கூடும் இடம் எது. எல்லாம் ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ், அதாவது இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம், தமிழிலேயே தரும் அறிக்கையிலிருந்து எடுப்பதுதான். எந்தக் கரையிலிருந்து, எந்தப் பக்கம், எத்தனை கிலோமீட்டர், அங்கே ஆழம் எவ்வளவு, அட்சரேகை, தீர்க்கரேகை என்று வரிசையாக இருக்கும். கைபேசியிலும் இதெல்லாம் வருகிறது. பாம்பனில் மீனவர்களுக்கென்றே கடல் ஓசை பண்பலை இருக்கிறது. இருந்தாலும் வலை ஏற்றப் போகும்போது பலகையில் ஒரு கண் வைத்துவிட்டுப் போவது ஆட்களுக்குப் பழக்கமாகிவிட்டது.

"தங்கச்சி, இந்த எடம் எத்தன பாகம்?" என்பார் ஒரு அண்ணன். ஒரு பாகம் என்பது கிட்டத்தட்ட 1.8 மீட்டர். மீட்டரைப் பாகமாக்கிச் சொல்வேன். உடனே அடுத்த கேள்வி வரும்: "இது நேத்து மத்தியானம் எடுத்த படமா, முந்தாநாத்தா?" ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர் அவர். செயற்கைக்கோள் செய்கிறவர்களும் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

நீங்கள் செய்தது ஒன்றும் குறைவில்லை. 1999 மே மாதம் ஓஷன்சாட்-1, 2009 செப்டம்பரில் ஓஷன்சாட்-2, 2013இல் பிரான்ஸோடு சேர்ந்து கடல் மட்டத்தை அளக்கச் சரல், 2016இல் கடல் காற்றை அளக்க ஸ்கேட்சாட்-1, 2022 நவம்பர் 26 அன்று இஓஎஸ்-06 என்ற பெயரில் ஓஷன்சாட்-3. எட்டு நிறப்பட்டைகளில் கடலைப் பார்த்த கருவி பதின்மூன்று பட்டைக்கு வளர்ந்தது. கூடவே மேற்பரப்பின் வெப்பத்தைப் பார்க்கும் கருவியையும் ஏற்றினீர்கள். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கொண்டுபோன புயல் மாதிரி ஒன்று இனி சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட முடியாது. அந்த நன்றி எங்களுக்கு என்றைக்கும் உண்டு. ஆனால் புயல் பெரிய விஷயம், மேலிருந்து பார்த்தால் தெரிந்துவிடும். எங்கள் அன்றாடம் சின்ன விஷயம். சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

பிக்சல் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ஓஷன்சாட்-3இன் நிறம் பார்க்கும் கருவி கடலை 360 மீட்டர் கட்டங்களாகப் பிரிக்கிறது. ஒரு கட்டம் கிட்டத்தட்ட 13 ஹெக்டேர். வங்கக் கடலின் நடுவில் அது நுணுக்கமான படம்தான். மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளிலோ பல அந்த 13 ஹெக்டேரைவிடச் சிறியவை. மனோலிபுட்டித் தீவு மூன்று ஹெக்டேர்கூடத் தேறாது. தீவு, அதைச் சுற்றிய பவளப்பாறை, இடையில் இருக்கும் கடல்புல் எல்லாம் ஒரே கட்டத்துக்குள் விழுந்து ஒரே எண்ணாக வெளியே வருகின்றன. அந்த எண் நிலத்துக்கும் பொருந்தாது, நீருக்கும் பொருந்தாது. கணக்குப் போடும் மென்பொருள் அதை நிலம் என்று ஒதுக்கித் தள்ளிவிடும். அது சரியான முடிவுதான், நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்வேன். ஆனால் நாட்டுப்படகுக்காரர்கள் பிழைப்பு நடத்துவது அப்படி ஒதுக்கப்பட்ட அந்த ஓரத்தில்தான்.

நிறத்தில் இன்னொரு குழப்பம். நீலமும் பச்சையும் எந்த விகிதத்தில் திரும்பி வருகின்றன என்று பார்த்துத் தண்ணீரில் பச்சையம் எவ்வளவு என்று கணிக்கிறீர்கள். பச்சையம் இருந்தால் நுண்பாசி இருக்கும், நுண்பாசியைத் தேடி மீன் வரும். ஆழ்கடலில் இது நன்றாக வேலை செய்கிறது, ஏனென்றால் அங்கே அடித்தரை கண்ணுக்குத் தெரியாது. எங்கள் வடகடலில், அதாவது பாக் விரிகுடாவில், பல இடங்களில் ஆழமே ஐந்து பாகம், ஆறு பாகம்தான். தண்ணீர் தெளிந்த நாளில் படகிலிருந்து குனிந்தால் தாழை அசைவது தெரியும். தாழை என்று நாங்கள் சொல்வது கடல்புல்லை. அந்தப் பச்சையும் மேலே போய்ச் சேருகிறது, நுண்பாசிக் கணக்கில் ஏறிவிடுகிறது. காற்றடித்துக் கலங்கிய நாளில் சேறு அதே வேலையைச் செய்யும். வைகையில் வெள்ளம் வந்து ஆற்றங்கரை என்ற ஊர்ப் பக்கம் கடலில் விழுந்தால் அந்தப் பழுப்பு நீர் வேறு. மொத்தத்தில், மேலிருந்து பார்த்தால் எங்கள் கடல் எப்போதும் மீன் கொழிக்கும் கடலாகத் தெரியும். அப்படி இருந்தால் சந்தோஷம்தான்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. நாசா 2024 பிப்ரவரியில் அனுப்பிய பேஸ் செயற்கைக்கோள், புற ஊதாவில் தொடங்கி அகச்சிவப்பின் ஓரம் வரை நிறத்தை மெல்லிய பட்டைகளாகப் பிரித்துப் பார்க்கிறது. தாழையின் பச்சையையும் நுண்பாசியின் பச்சையையும் சேற்றையும் பிரித்தறிய இப்படிப்பட்ட பார்வை வேண்டும். ஆனால் அதன் கட்டம் ஒரு கிலோமீட்டருக்கு மேல். ஐரோப்பாவின் சென்டினல்-2 பத்து மீட்டர் வரை இறங்கி வருகிறது. ஆனால் அந்த நுணுக்கத்தில் நிறப்பட்டைகள் நான்குதான், ஐந்து நாளுக்கு ஒரு தடவைதான் வரும், அதுவும் முக்கியமாக நிலத்தைப் பார்க்கச் செய்தது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு பெரிய காலி இடம் இருக்கிறது. அதை நிரப்புங்கள் என்பதே எங்கள் கோரிக்கையில் பாதி.

கேட்பது சுலபம், செய்வது கஷ்டம் என்று எனக்கும் தெரியும். செயற்கைக்கோளுக்கு வந்து சேரும் ஒளியில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் கடலுக்குள்ளிருந்து வருகிறது. மிச்சத்தில் பெரும்பகுதி காற்று மண்டலம் சிதறடித்தது. மேளம் முழங்குகிற கல்யாண வீட்டில் பக்கத்தில் இருப்பவர் முணுமுணுப்பதைக் கேட்கிற வேலை இது. கட்டத்தைச் சிறிதாக்கினால் கிடைக்கும் ஒளி குறையும், பட்டையை மெல்லியதாக்கினால் இன்னும் குறையும். அதனால் எல்லாக் கடலையும் இந்த நுணுக்கத்தில் பார்க்கச் சொல்லவில்லை. கரையிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் வரை உள்ள பட்டையைக் கடக்கும்போது மட்டும் கருவி நிதானமாக உற்றுப் பார்க்கட்டும். நடுக்கடலுக்குப் பழைய கட்டமே போதும்.

சரி, எத்தனை முறை பார்ப்பது? 2019 செப்டம்பரில் மண்டபம், பாம்பன் பகுதியில் தென்கடல், அதாவது மன்னார் வளைகுடா, பச்சையாகத் திரண்டது. ஊரில் பூங்கோரை என்பார்கள். நாக்டிலூகா என்ற நுண்ணுயிர் கூட்டமாகப் பெருகுவது அது. குந்துகால் பக்கம் போய்த் தண்ணீரை அள்ளிப் பார்த்தேன். கொழகொழவென்று இருந்தது, கையை உதறினாலும் பச்சை விரலிடுக்கில் நின்றது. கரையில் ஒராவும் கிளிமீனும் வாய் பிளந்து கிடந்தன. திறந்த கடலில் ஓடும் மீன் எப்படியோ விலகிப் போய்விடும். பாறை இடுக்கே கதி என்று இருக்கும் மீன் எங்கே போகும்? அந்தக் கூட்டம் செத்து மக்கும்போது நீரில் ஆக்சிஜன் இறங்கிவிடுகிறது, அதில் மூச்சு முட்டிச் சாகிறது. பக்கத்துத் தீவுகளில் பவளங்களும் அடிபட்டன.

பூங்கோரை ஒரு இடத்தில் நிற்காது. காலையில் ஒரு தீவுக்கு மேற்கே இருக்கும், காற்று திரும்பினால் பொழுது சாய்வதற்குள் இன்னொரு தீவின் பாறைமேல் போய்ப் படியும். நண்பகலில் கடந்து போய், மறுபடி இரண்டு நாள் கழித்து வரும் செயற்கைக்கோளால் இதைப் பின்தொடர முடியாது. கொரியாக்காரர்கள் 2010லேயே புவிநிலைச் சுற்றுப்பாதையிலிருந்து கடல் நிறத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். மணிக்கு ஒரு படம் என்று பகலில் எட்டுப் படம். 2020இல் அனுப்பிய அடுத்த கருவி 250 மீட்டர் கட்டத்தில் பத்துப் படம் எடுக்கிறது. நம்மிடமும் நாட்டின் மேலேயே நின்று பார்க்கும் ஒரு கண் வரவிருந்தது. இஓஎஸ்-03 அது. 2021 ஆகஸ்ட் 12 அன்று ராக்கெட்டின் கிரையோஜெனிக் பகுதி எரியாமல் போனதால் கை நழுவியது. விழுந்ததை யாரும் குறை சொல்லவில்லை. அதற்குப் பதிலாக ஒன்று போகும்போது அதில் கடலுக்கும் ஒரு பங்கு ஒதுக்குங்கள் என்கிறேன். இந்தியாவின் கரை நீளத்துக்கு, நாள் முழுக்கக் கடலின் நிறத்தைப் பார்க்கும் கருவி ஒன்று நிச்சயம் வேண்டும். ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதால் ஒளி சேகரிக்க நேரமும் கிடைக்கும், பகலில் மேகம் விலகும் அரை மணி நேரத்தையும் பிடித்துவிடலாம்.

மேகம் என்றதும் பலகை ஞாபகம் வருகிறது. ஐப்பசி, கார்த்திகையில் வாடை பிடித்துவிட்டால் 'மீன் கூடும் இடம்' என்ற தலைப்புக்குக் கீழே நான் எழுதுவது பெரும்பாலும் ஒரே வார்த்தை: மேகம். நிறம் பார்க்கும் கருவிக்கு மேகத்துக்குள் பார்வை கிடையாது. நுண்ணலைக் கருவிகளுக்கு அந்தத் தடை இல்லை, ஆனால் அவற்றின் கட்டம் பெரிது. காற்றை அளக்கும் ஸ்கேட்டரோமீட்டரின் வழக்கமான கட்டம் 25 கிலோமீட்டர். தனுஷ்கோடி முனைக்கும் தலைமன்னாருக்கும் நடுவே இருப்பதே ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான். இரண்டு பக்கமும் நிலம் குறுக்கிடும்போது அந்தக் கட்டத்தில் கிடைக்கும் காற்று யாருடைய காற்று? ரேடார் படத்திலிருந்து ஒரு கிலோமீட்டர் நுணுக்கத்தில் காற்றைக் கணிக்க முடியும் என்று நீங்களே காட்டியிருக்கிறீர்கள். ரேடார் செயற்கைக்கோள்களில் 2022இல் இஓஎஸ்-04 போனது, 2025 ஜூலை 30 அன்று நிசார் போனது. ஆனால் நிசார் அதே கோணத்தில் அதே இடத்துக்குத் திரும்பி வரப் பன்னிரண்டு நாள் ஆகும். ஒரே பெரிய செயற்கைக்கோளில் எல்லாவற்றையும் ஏற்றுவதைவிட, சின்னதாக நாலைந்து ரேடார்களை வரிசையாக அனுப்புவது எங்களுக்குப் பயன்படும். குலசேகரப்பட்டினத்தில் சின்ன ராக்கெட்டுகளுக்குத்தானே ஏவுதளம் கட்டுகிறீர்கள்.

கடல் மட்டம் பற்றியும் ஒரு ஆசை உண்டு. வாடைக் காலத்தில் பாம்பன் கால்வாய் வழியாக வடகடலிலிருந்து தென்கடலுக்குத் தண்ணீர் ஓடும், தென்மேற்குப் பருவத்தில் திரும்பி ஓடும். பாலத்துக்கு அடியில் போகிற படகுக்காரருக்கு அந்த இழுப்பு கையிலேயே தெரியும். பழைய ஆல்டிமீட்டர்கள் தங்களுக்கு நேர் கீழே ஒரு கோட்டில் மட்டும்தான் மட்டத்தை அளக்கும், கரைக்குப் பக்கத்தில் வந்தால் கணக்குக் கெட்டுவிடும். நமது சரல் கரைக்கு இன்னும் கொஞ்சம் நெருங்கி வந்தது. 2022 டிசம்பரில் அமெரிக்காவும் பிரான்ஸும் அனுப்பிய ஸ்வாட் 120 கிலோமீட்டர் அகலத்துக்குக் கடல் மட்டத்தைப் படமாகவே எடுக்கிறது. அந்த மாதிரி ஒன்று நம்மிடமும் இருந்தால், இரண்டு கடலுக்கும் நடுவே மட்டம் எப்படி ஏறி இறங்குகிறது என்பதை முதல்முறையாக முழுசாகப் பார்க்கலாம். தென்மாவட்டக் கரைகளில் காற்றே இல்லாத நாளில் ஏறி வரும் கள்ளக்கடலும் எங்கோ தெற்கு இந்தியப் பெருங்கடலில் கிளம்பிய அலைதான். அதை வழியிலேயே அளக்கவும் இது கைகொடுக்கும்.

பெண்கள் பக்கம் வருகிறேன். முனைக்காடு, மாங்காடு, சம்பை பக்கம் மூங்கில் மிதவையில் பெப்சி பாசி என்கிற கடற்பாசி வளர்க்கிறார்கள். பன்னிரண்டு அடிக்குப் பன்னிரண்டு அடி மிதவை, நாற்பத்தைந்து நாள் பயிர். கோடையில் தண்ணீர் காய்ந்தால் தண்டு வெளுத்து முறிந்து கயிற்றிலிருந்து உதிர்ந்துவிடும், விதைப்பாசிக்குக்கூட மிஞ்சாது. பவளமும் அப்படித்தான். 2010, 2016, 2024 ஆண்டுகளில் மன்னார் வளைகுடாவில் வெளுத்தது. மேற்பரப்பு வெப்பத்தை ஒரு கிலோமீட்டர் கட்டத்தில் அளந்தால் இடுப்பளவுத் தண்ணீரில் கிடக்கும் மிதவைக்கு அது எந்த வகையிலும் உதவாது. இந்தியாவும் பிரான்ஸும் சேர்ந்து திட்டமிட்டிருக்கும் திருஷ்ணா 57 மீட்டர் நுணுக்கத்தில் வெப்பத்தைப் பார்க்கும் என்கிறார்கள். அது வரும்போது, பாசி வளர்க்கும் கடலோரத்துக்கு என்று தனியாக ஒரு எச்சரிக்கைச் சேவையை இப்போதே யோசித்து வையுங்கள். செயற்கைக்கோள் போய் ஐந்து வருஷம் கழித்து யோசிக்க வேண்டாம்.

இனி கோரிக்கையின் மறுபாதி. எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். மேலிருந்து அளப்பது சரியா என்று கீழே ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். நீங்கள் கடல் நிறக் கருவிகளைச் சரிபார்க்கும் நிலையம் லட்சத்தீவின் கவரத்தியில் இருக்கிறது. அங்கே தண்ணீர் கண்ணாடி, சரிபார்க்க நல்ல இடம்தான். ஆனால் கண்ணாடித் தண்ணீரில் சரியாக இருக்கும் கருவி கலங்கல் தண்ணீரிலும் சரியாக இருக்கும் என்று என்ன நிச்சயம்? உலகக் கடல்களில் மிதந்து வெப்பமும் உப்பும் அளக்கும் ஆர்கோ மிதவைகளும் இங்கே வர முடியாது. இரண்டாயிரம் மீட்டர் ஆழம் இறங்கி ஏறுவதற்காகச் செய்தவை அவை. எங்கள் கடல் அவற்றுக்கு ஒரு குட்டை. மண்டபம் பக்கம் வடகடலில் ஒன்றும், தென்கடலில் ஒரு தீவுக்கு அருகில் ஒன்றுமாக நிரந்தரச் சரிபார்ப்பு மிதவைகளைப் போடுங்கள். 1947இல் தொடங்கிய மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துக்குப் பல ஆண்டுகள் தலைமையிடமாக இருந்தது மண்டபம்தான். கடலைப் படித்த ஆட்கள் இங்கே எப்போதும் இருக்கிறார்கள்.

அப்புறம், எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1865இல் ஆஞ்சலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் ஒரு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டிக் கடலில் இறக்கி, எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று அளந்தார். இன்றைக்கும் நீரின் தெளிவை அளக்க அந்தத் தட்டுதான். நாங்கள் பெயின்ட் டப்பா மூடி ஒன்றில் வெள்ளை அடித்து, நடுவில் துளை போட்டு, கீழே வலையிலிருந்து கழற்றிய ஈயக்குண்டைக் கட்டி, கயிற்றில் அரை மீட்டருக்கு ஒரு முடிச்சு போட்டு ஒன்று செய்தோம். அப்பாவின் படகில் வைத்து இறக்கிப் பார்த்தோம். ஒரு மனிதர் ஒரு கையில் பீடியோடு செய்துவிடலாம், இரண்டு நிமிஷம் ஆகாது. தினமும் கடலுக்குப் போகும் நாட்டுப்படகுகளில் கொஞ்சப் பேருக்குத் தட்டும், நல்ல தெர்மாமீட்டரும், அளவை அனுப்ப ஒரு எளிய செயலியும் கொடுத்துப் பாருங்கள். செயற்கைக்கோள் தலைக்கு மேல் கடக்கும் நேரத்தைச் சொன்னால் போதும், அந்த நேரத்தில் இறக்குவார்கள். இதற்கு ஆகும் செலவு உங்கள் திட்ட மதிப்பீட்டில் ஒரு ஓரத்துக்குக்கூட வராது.

இன்னும் இரண்டு சின்ன விஷயங்கள். வரைபடத்தில் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில், அதை எவ்வளவு நம்பலாம் என்பதையும் கொடுங்கள். விஞ்ஞானிகளுக்குப் போகும் தரவுக் கோப்புகளில் அது ஏதோ ஒரு குறியீடாக இருக்கத்தான் செய்கிறது. பலகையைப் பார்க்கிற ஆளுக்கு வந்து சேருவதில்லை. 'இங்கே அடித்தரை தெரிகிறது, இந்த எண்ணை நம்பாதே' என்று சொல்லிவிட்டால் அவர் கோபிக்க மாட்டார். டீசல் மிச்சம் என்று போய்விடுவார்.

மற்றொன்று எல்லை. மீன் கூடும் இடம் என்று வரும் புள்ளி சில நாள் கச்சத்தீவுத் திசையில், இந்திய-இலங்கைக் கடல் எல்லைக் கோட்டை ஒட்டி விழுகிறது. அதைப் பலகையில் எழுதலாமா வேண்டாமா என்று சாக்பீஸை வைத்துக்கொண்டு யோசித்து நின்றிருக்கிறேன். 1974லும் 1976லும் போட்ட ஒப்பந்தக் கோட்டை அழிப்பதோ நகர்த்துவதோ உங்கள் வேலை இல்லை. ஆனால் கட்டம் பெரிதாக இருந்தால் புள்ளியும் தடித்துப் போகிறது, கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பது தெரிவதில்லை. இங்கே அது ஒரு குடும்பத்துக்குப் படகு போகும், ஆள் ஜெயிலுக்குப் போகும் விவகாரம். நுணுக்கம் வேண்டும் என்று நான் கேட்பதில் இந்தக் காரணமும் இருக்கிறது.

உங்கள் குழு ஒருமுறை நேரில் வந்து பார்ப்பதாக இருந்தால் ஏப்ரல் கடைசியில் வாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். இழுவலை அடியைக் கலக்காததால் வடகடல் தெளிந்திருக்கும். தடை முடிந்து ஜூன் கடைசியில் இன்னொரு தடவை வந்தால் அதே இடத்தின் கலங்கலையும் அளந்துவிடலாம். இரண்டையும் வைத்துப் பார்த்தாலே உங்கள் கணக்கில் சேறு எவ்வளவு, பாசி எவ்வளவு என்பது பாதி பிடிபட்டுவிடும். நாட்டுப்படகுக்கு அந்த நாட்களில் தடை இல்லை. அப்பாவின் படகும், தட்டு இறக்கத் தெரிந்த ஆட்களும் தயார். டீசலுக்கு மட்டும் நீங்கள் கொடுத்துவிடுங்கள். கருவியோடு வருகிறவர்கள் வெயிலுக்குத் தொப்பியும், பழக்கமில்லாதவர்கள் வாந்தி மாத்திரையும் கையோடு கொண்டுவரவும்.

இப்படிக்கு,
பாம்பன் மீன் இறங்குதளத்தில் பலகை எழுதும் சங்கக் கணக்கர்